விழுதிச் செடியில் சிவப்பு நுனி

முகப்பேர் கிழக்கு
22.1.2025

மதிப்பிற்குரிய நாகவல்லி அம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் நடந்த பட்டாம்பூச்சிக் குழுக் கூட்டத்திலிருந்து தாங்கள் பாதியில் எழுந்து போன பிறகு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டீர்கள். அன்று இரவு முதல் என் எண்ணிலிருந்து மணியே போகவில்லை. தடை செய்திருப்பீர்கள் என்று நம் குழுப் பையன் ஜாபஸ் சொன்னான். வேறு வழியில்லாமல் தபாலில் எழுதுகிறேன். உறுப்பினர் படிவத்தில் தங்கள் முகவரி இருந்தது.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்தவன் நான். நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது பழக்கம். ஜனவரி ஐந்தாம் தேதி காலை சேக்காட்டில் கிரிம்சன் டிப் பட்டாம்பூச்சியைப் பார்த்ததாகவும், செல்போனில் படம் எடுத்ததாகவும் தாங்கள் கூட்டத்தில் கூறினீர்கள். நம் வட்டாரத்தில், அதாவது ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்தில், அந்தப் பூச்சியை நம் குழுவினர் யாரும் பதினோரு வருடமாகப் படம் எடுக்கவில்லை. நானே ஏழு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆகவே படத்தைக் காட்டும்படி கேட்டேன். அழித்துவிட்டேன் என்றீர்கள். ஏன் என்று கேட்டேன். பதில் இல்லை. அப்போது நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிக்க வைப்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை.

நம் ஆண்டுப் பட்டியல் மார்ச்சில் அச்சாகிறது. படம் இல்லாமல் பதிவு இல்லை என்பது குழுவின் விதி. அதை எழுதியவன் நானே. செல்போனில் அழித்த படங்கள் முப்பது நாள் வரை அதன் குப்பைத் தொட்டியில் கிடக்கும் என்கிறார்கள். அப்படியானால் பிப்ரவரி நாலு வரை அவகாசம் இருக்கிறது. தேடிப் பார்த்துத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
ஆ. திருவேங்கடம்
பட்டியல் தொகுப்பாளர்


சேக்காடு
28.1.2025

திருவேங்கடம் சாருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் ஐந்தாவது வரை படித்தவள். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். கையெழுத்தில் மட்டும் குறை சொல்ல முடியாது. எட்டாம் வகுப்பில் முதல் மாணவியாக வரும் என் பேத்தி ரோஷினியின் கையெழுத்தைவிட என்னுடையது நன்றாக இருக்கும்.

நடந்ததை நடந்தபடி எழுதுவேன் என்கிறீர்கள். ஆனால் நீங்கள் சொன்ன வார்த்தையை விட்டுவிட்டீர்கள். நான் எழுதுகிறேன். "படம் இல்லாத பூச்சி பறக்காத பூச்சிம்மா" என்றீர்கள். உடனே ஜாபஸ், "ஆயா, கனவுல எடுத்த படத்த முழிச்சதும் டெலிட் பண்ணிட்டியா?" என்று கேட்டான். முப்பது பேர் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமும் வரவில்லை. போன மார்ச்சில் என் வீட்டுக்காரர் போனதிலிருந்து எனக்கு ஒன்றும் வருவதில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சாதம் வைத்தேன். சாப்பிட்டேன். அதற்கப்புறம்தான் உங்கள் எண்ணைத் தடை செய்தேன்.

குப்பைத் தொட்டியிலும் படம் இல்லை. போனில் இடம் இல்லை என்று வந்துகொண்டே இருக்கிறதே என்று என் மருமகள் வித்யா, அழித்தால் அங்கேயும் போய் அழிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். சொல்லிக் கொடுத்ததை நான் ஒழுங்காகச் செய்வேன்.

ஏன் அழித்தேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதில் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் பூபாலன் இங்கேயிருக்கும் ராணுவத் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருடம் வேலை செய்தார். குவார்ட்டர்ஸில் இருபத்தாறு வருடம் குடியிருந்தோம். உள்ளே என்ன செய்கிறார் என்று நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை. எங்கள் லைனில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். என் மகன் விக்ரம் நாலாவது படிக்கும்போது தந்தையின் தொழில் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். "அப்பா காலையில போறாரு, சாயங்காலம் வர்றாருன்னு எழுது. போதும்" என்றார் இவர். அவன் அந்த ஒரு வரியைத்தான் எழுதிக்கொண்டு போனான். விக்ரம் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில் பெண் மாப்பிள்ளைக்குப் பின்னால் தொழிற்சாலைக் காவல் கோபுரம் தெரிந்தது. இவர் கத்தரிக்கோல் எடுத்து அந்த மூலையை வெட்டிவிட்டார்.

அன்றைக்குக் காலையில் நான் நடந்து போனது அந்தத் தொழிற்சாலை மதில் ஓரம். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல்தான் நடக்கிறேன். பூச்சியைப் பார்த்தேன். எடுத்தேன். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பூச்சிக்குப் பின்னால் கோபுரமும் அதில் நிற்கிற ஆளும் தெளிவாகத் தெரிந்தார்கள். அங்கேயே நின்று அழித்துவிட்டேன். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள்.

யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை.

நாகவல்லி


முகப்பேர் கிழக்கு
3.2.2025

மதிப்பிற்குரிய அம்மாள் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் சொன்ன வார்த்தை தாங்கள் எழுதியபடியேதான். அதை என் கடிதத்தில் விட்டது தவறு. சொன்னது அதைவிடத் தவறு. மன்னிக்கவும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கோபம் கொள்ள வேண்டாம். கோபுரம் இருந்த ஓரத்தை வெட்டிவிட்டுப் பூச்சியை மட்டும் வைத்திருக்கலாமே? செல்போனிலேயே அதற்கு வசதி உண்டே?

தங்களை நம்பவில்லை என்று அர்த்தமில்லை. நம்புகிறேன் என்று எழுதவும் என்னால் முடியவில்லை. என் வேலை அப்படி. அப்பாவுடைய நிலம்தான், ஊருக்கே தெரியும் என்று கண்ணீரோடு வந்து நின்றவர்களை எல்லாம் மூலப்பத்திரம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் உண்மை சொன்னவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

இடம், நேரம், செடி ஆகிய மூன்றையும் எழுதினால் நானே வந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஆ. திருவேங்கடம்


சேக்காடு
8.2.2025

திருவேங்கடம் சாருக்கு,

ஓரத்தை வெட்டலாம் என்று ரோஷினியும் சொன்னாள். அழித்துவிட்டு வந்த பிறகு சொன்னாள். என் வீட்டுக்காரருக்குக் கத்தரிக்கோலால் வெட்டத் தெரியும். எனக்குப் போனில் வெட்டத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நேரத்தில் தோன்றியிருக்காது. அந்தக் கோபுரத்தைப் பார்த்தாலே படம் கூடாது என்பதுதான் இத்தனை வருடமாக மண்டையில் இருப்பது.

கேட்ட மூன்றுக்குப் பதில்.

இடம்: சேக்காட்டு டீக்கடையைத் தாண்டி மதிலை ஒட்டி நேராகப் போனால் ஒரு சின்ன கேட் வரும். அதற்கு முன்னால் ரோட்டு ஓரம். மதிலுக்கு வெளியேதான்.

நேரம்: காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை. வெயில் மதிலைத் தாண்டி இறங்க வேண்டும்.

செடி: விழுதி. உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் கொழுந்தில் முட்டை வைக்கத்தான் அது வருகிறது என்று நீங்களே ஒரு கூட்டத்தில் சொன்னீர்கள். நான் அன்றைக்குச் செடியைத்தான் முதலில் பார்த்தேன். செடி இருக்கிறதே, பூச்சி வராதா என்று நின்றேன். நின்றது உங்கள் பேச்சைக் கேட்டதால்தான்.

உங்கள் பெரிய கேமராவை எடுத்துக்கொண்டு வராதீர்கள். போர்டு வைத்திருக்கிறார்கள். சும்மா வந்து நின்று பாருங்கள்.

நீங்கள் வரும்போது நான் அங்கே இருக்க மாட்டேன். எனக்குச் சாட்சிக்கு ஆள் சேர்க்கத் தெரியாது.

நாகவல்லி


முகப்பேர் கிழக்கு
24.2.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

மூன்று நாள் வந்தேன். முதல் இரண்டு நாளும் வெறும் கையோடு வந்து, ஒன்றும் காணாமல் திரும்பினேன். மூன்றாம் நாள், சனிக்கிழமை, தாங்கள் சொன்னதை மீறிக் கேமராவை எடுத்து வந்தேன். ஏழு வருடத் தேடல், ஆசை விடவில்லை.

டீக்கடைக்காரம்மா என் லென்ஸைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், பட்டாம்பூச்சிக்கா இம்மாம் பெரிய பொட்டி? எங்கூட்டு மேல தெனிக்கும் நாலு பறந்துகினு கீது. வந்து எடுத்துக்கோ, துட்டு வாணாம்" என்றார். அவர் பேச்சைக் கேட்டு அங்கேயே நின்றிருக்கலாம்.

செடியைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினேனோ இல்லையோ, கேட்டிலிருந்து காவலர் வந்துவிட்டார். வடநாட்டுக்காரர், தமிழ் கொஞ்சம் பேசினார். "கேமரா இங்க வைங்க சார். அங்க உக்காருங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். காவல் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். கேமரா உள்ளே மேஜை மேல். என் ஆதார் அட்டையை வாங்கிக்கொண்டு யாருக்கோ போன் செய்தார். மேலதிகாரி வரும்வரை இருக்க வேண்டும் என்றார். நான் எத்தனை பேரைப் பெஞ்சில் உட்கார வைத்திருப்பேன். எனக்கு முதல் தடவை.

ஒன்பது பத்துக்கு அது வந்தது, அம்மா.

பெஞ்சிலிருந்து செடி பன்னிரண்டு அடி இருக்கும். ஆண் பூச்சி. சந்தேகமே இல்லை. கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். கேமராவைக் கேட்கலாமா என்று திரும்பினேன். காவலரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். "இது தினம் வரும் சார். நாங்க பார்க்கும்" என்றார்.

நாம் பதினோரு வருடமாகத் தேடுவதை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். கேமராவில் இருந்த படங்களைப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். இனிமேல் இங்கே வேண்டாம் சார் என்றார். வர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் தங்களை நம்புகிறேன். போன கடிதத்தில் எழுத முடியாததை இப்போது எழுதுகிறேன். குழுவில் பேசி இந்த வருடப் பட்டியலில் தங்கள் பெயரைச் சேர்ப்பது என் பொறுப்பு.

திருவேங்கடம்


சேக்காடு
2.3.2025

திருவேங்கடம் சாருக்கு,

நீங்கள் பார்த்தது எனக்குச் சந்தோஷம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

கேமரா வேண்டாம் என்று சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. அந்தக் காவலருக்கு ஒரு காலை வேலை கெட்டது.

நான் சொன்னபோது நம்பவில்லை. நீங்களே பார்த்த பிறகு நம்புகிறேன் என்கிறீர்கள். அது என்னை நம்பியது ஆகாது. உங்கள் கண்ணை நம்பியது. அதையும் தப்பென்று சொல்லவில்லை, ஊரில் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறோம். எனக்குத் தோன்றியதை எழுதினேன்.

இந்த மாதம் அவருக்கு வருஷத் திதி. விக்ரம் ஐயருக்குச் சொல்லிவிட்டான். என்ன சமைக்க வேண்டும் என்று வித்யா கேட்டாள். அவருக்குப் பிடித்தது என்ன என்று எனக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. வாழைக்காய் என்று சொல்லிவைத்தேன்.

பட்டியலில் என் பெயர் வந்தால் வரட்டும். நான் கேட்கவில்லை. ஆனால் வந்தால், முகப்பேர் பூங்காவில் சிரித்த அத்தனை பேரும் அதைப் படிப்பார்கள் இல்லையா. அதை நான் நினைத்துப் பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நாகவல்லி


முகப்பேர் கிழக்கு
19.3.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இத்துடன் ஆண்டுப் பட்டியல் ஐந்து பிரதிகள் அனுப்பியுள்ளேன். பதினான்காம் பக்கம் பார்க்கவும். கிரிம்சன் டிப், சேக்காடு, 5.1.2025, பார்த்துப் படம் எடுத்தவர் நாகவல்லி பூபாலன். வண்ணத்தில் அச்சாகியிருக்கிறது.

இப்போதைக்குப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கிறோம். மீதி இருநூறு பிரதிகளை ஏப்ரல் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பூங்காவில் வெளியிடுகிறோம். தாங்கள் அவசியம் வர வேண்டும். மேடையில் முதல் பிரதி தங்களுக்குத்தான். ஜாபஸ்தான் சால்வை போடப் போகிறான். நானே அவனிடம் சொல்லிவிட்டேன்.

திருவேங்கடம்


சேக்காடு
24.3.2025

திருவேங்கடம் சாருக்கு,

பட்டியல் வந்தபோது நான் ரேஷன் கடையில் இருந்தேன். வித்யா பிரித்துவிட்டாள். நான் வருவதற்குள் பதினான்காம் பக்கத்தைப் போனில் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். "அத்தே, உன் பேரு புக்குல வந்துகீது!" என்று தெருமுனையிலேயே கூப்பிட்டாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை செய்கிற கம்பெனியில் மேனேஜரே வாழ்த்துச் சொன்னாராம். மறுநாள் அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு என் வீட்டுக்காரர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். ரோஷினி ஒரு பிரதியைப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போய் டீச்சரிடம் காட்டினாள். பக்கத்து வீட்டு சரசா வந்து பார்த்துவிட்டு, "நீ எடுத்ததா? ஒனக்கு இவ்ளோ தெறமையா?" என்று என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் படம் யாருடையது?

என் படத்தை நான் அழித்துவிட்டேன். நீங்கள் கேமரா இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் பார்த்த பூச்சிக்கு இடது இறக்கையில் எலி கடித்த மாதிரி ஒரு துண்டு இல்லை. இதற்கு முழுசாக இருக்கிறது. படத்தில் தெரிகிற மண் எங்கள் சேக்காட்டு மண் இல்லை. இவ்வளவு சிவப்பாக இங்கே மண் கிடையாது.

யாருடையது என்று எழுதுங்கள்.

நாகவல்லி


முகப்பேர் கிழக்கு
28.3.2025

அம்மா,

படம் என்னுடையது. ஒன்பது வருடத்துக்கு முன் தென்காசிப் பக்கம் எடுத்தது. அந்தப் பக்கம் அது அவ்வளவு அபூர்வம் இல்லை. எங்கேயும் வெளியிடாமல் வைத்திருந்தேன்.

குழுவில் பேசினேன். என்னால் முடிந்தவரை பேசினேன். நாகவல்லி அம்மாளும் பார்த்தார்கள், நானும் பார்த்தேன், தனித்தனியாகப் பார்த்தோம், இரண்டு பேர் சாட்சி போதாதா என்றேன். ஜாபஸ் விதிமுறைப் புத்தகத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தான். "சார், நீங்க எழுதுன ரூல்தான். ஒங்களுக்கு மட்டும் மாத்துனா நாளைக்கு ஆளாளுக்கு புலி பாத்தேன்னு வருவான்" என்றான். தப்பே இல்லை. நான் சொல்லியிருக்க வேண்டியதை அவன் சொன்னான்.

வீட்டுக்கு வந்தேன். மறுநாள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். தங்கள் கையில் உண்மை இருக்கிறது, படம் இல்லை. என்னிடம் படம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துவிட்டால் என்ன என்று தோன்றியது. அம்மாவே தேடிப்பிடித்து அனுப்பிவிட்டார்கள் என்று ஜாபஸிடம் சொன்னேன். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

என் வேலைக் காலம் முழுவதும் ஒரு பொய்ப் பத்திரம் பதிந்ததில்லை. இது முதல். தங்கள் பெயரை நான்தான் கெடுத்தேன், நானே சரி செய்ய வேண்டும் என்று செய்தேன்.

யாருக்கும் தெரியாது, அம்மா. தெரியவும் வாய்ப்பில்லை. இந்தப் படத்தை வேறு யாரும் பார்த்ததில்லை. பதிவும் பொய் இல்லை, தாங்கள் பார்த்தது பார்த்ததுதானே. தயவுசெய்து இதை இப்படியே விட்டுவிடுங்கள். சொன்னால் என் பெயர் போகும். அது போகட்டும். அந்த முப்பது பேரும் தங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று யோசித்தீர்களா? கனவு கண்டதாகச் சிரித்தவர்கள் இந்த முறை திருட்டு என்பார்கள்.

திருவேங்கடம்


சேக்காடு
1.4.2025

திருவேங்கடம் சாருக்கு,

யோசித்தேன். மூன்று நாள் யோசித்தேன்.

காலையில் எழுந்தால் அவர் படமும் இந்தப் பூச்சிப் படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. விளக்கு ஏற்றும்போது இரண்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது. முதல் நாள் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு எதுவும் தோன்றுவதில்லை என்று உங்களுக்கு எழுதியிருந்தேன், அது போல இதுவும் போகும் என்று இருந்தேன். இரண்டாம் நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் ரோஷினி, "ஆயா, எங்க டீச்சர் நீ எப்டி எடுத்தேன்னு கிளாஸ்ல வந்து சொல்லச் சொல்றாங்க" என்றாள். வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அடுப்பைப் பார்க்கிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

நான் பொய் சொன்னேன் என்று முப்பது பேர் சிரித்தபோது நான் பொய் சொல்லவில்லை. அதனால்தான் நிம்மதியாக வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். இப்போது யாருமே சிரிக்கவில்லை. இப்போதுதான் பொய்.

நீங்கள் நல்லது நினைத்துத்தான் செய்தீர்கள். ஆனால் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். ஐந்தாவது படித்தவள், பெயர் அச்சில் வந்தால் போதும் என்று இருப்பாள் என்று நினைத்துவிட்டீர்கள். எனக்கும் ஆசை இருந்தது, அதையும் எழுதினேன். அந்த ஆசை என் படத்துக்கு. உங்கள் படத்துக்கு இல்லை.

ஆறாம் தேதி நீங்கள் எழுந்து சொல்லுங்கள். படம் அவருடையது இல்லை, நான் வைத்தது என்று. என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் சேர்க்க வேண்டாம். நீங்கள் சொல்லாவிட்டால் நான் மேடையில் சொல்வேன். திருட்டு என்று சொன்னால் சொல்லட்டும்.

வீட்டில் நானே சொல்லிக்கொள்கிறேன். அதற்கு உங்கள் உதவி வேண்டாம்.

நாகவல்லி


முகப்பேர் கிழக்கு
7.4.2025

அம்மா,

தாங்கள் வருவீர்கள் என்று முன்வரிசையில் நாற்காலி போட்டு வைத்திருந்தேன். பத்தரை வரை பார்த்தேன். பிறகு சொன்னேன்.

எழுதி வைத்துப் படித்தேன், நாலு வரி. பின்வரிசையில் யாரோ தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது. சால்வை ஜாபஸ் கையில் இருந்தது. அவன்தான் முதலில் கேட்டான்.

"அப்போ ஆயா சொன்னது பொய்யா சார்?"

"இல்லப்பா. படம்தான் பொய். அவங்க பார்த்தாங்க. நானும் பார்த்தேன்."

"அதுக்கு இன்னா ப்ரூஃப் சார்?"

"இல்ல" என்றேன்.

அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது. சிலர் நம்பினார்கள். சிலர் எழுந்து போனார்கள். தங்களைத் திருடி என்று யாரும் சொல்லவில்லை. என்னைச் சொன்னார்கள், நியாயம்தான். தொகுப்பாளர் பொறுப்பை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி ஜாபஸ்.

மத்தியானம் இரண்டு பேரும் உட்கார்ந்து இருநூறு பிரதியிலும் பதினான்காம் பக்கத்தில் அந்தப் பதிவின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டினோம். அவன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நூற்றுச் சொச்சம் ஒட்டிய பிறகு, "சார், பசை ஜாஸ்தி தடவாதீங்க, பக்கம் ஒட்டிக்கும்" என்றான். அதுதான் பேசினது.

தாங்கள் ஏன் வரவில்லை?

திருவேங்கடம்


சேக்காடு
12.4.2025

திருவேங்கடம் சாருக்கு,

வந்தேன். பூங்கா கேட்டுக்கு வெளியே, இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். நீங்கள் காகிதத்தோடு எழுந்ததைப் பார்த்தேன். பேசியது கேட்கவில்லை. உட்காரும்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். சொல்லிவிட்டார் என்று தெரிந்தது. அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். நீங்கள் சொல்லும்போது நான் எதிரே உட்கார்ந்திருந்தால் அது எனக்காகச் சொன்னது போல ஆகிவிடும். அதனால்தான் உள்ளே வரவில்லை.

வீட்டில் அதற்கு முந்தின நாளே சொல்லிவிட்டேன். விக்ரம் அப்பாவைப் போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனான். ரோஷினி டீச்சரிடம் சொல்லிவிட்டாளாம். வித்யாதான் கோபித்துக்கொண்டாள். "கம்பெனி பூரா காட்டிட்டேனே அத்தே, முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்றாள். நியாயமான கேள்வி. பத்து நாளுக்கு மேல் சட்டம் சுவரில் தொங்கியது, நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். சட்டத்தைக் கழற்றிப் பரண்மேல் போட்டாள். நாலு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், பேசவில்லை.

வியாழக்கிழமை காலையில் நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் குக்கரை மூடிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். வேலைக்குப் போக நேரமாகிவிட்டது. போகவில்லை.

"அத்தே, படத்த உடு. நெசமா பாத்தியே, அது எப்டி இருந்துச்சு?" என்றாள்.

ஜனவரியிலிருந்து இத்தனை பேர் என்னென்னவோ கேட்டீர்கள். எங்கே, எப்போது, எந்தச் செடி, படம் எங்கே, ஏன் அழித்தாய். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இதை ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கே சொல்ல வருமா என்று தெரியவில்லை. கத்தியைக் கீழே வைத்தேன்.

வெள்ளையென்றால் துவைத்த வெள்ளை இல்லை, பால் வெள்ளை என்றேன். உட்காரும்போது மூடிக்கொண்டது, இலையோடு இலையாக ஒன்றும் தெரியவில்லை, போய்விட்டது என்றே நினைத்தேன் என்றேன். பிறகு வெயில் வந்து தொட்டதும் திறந்தது. இரண்டு நுனியிலும் சிவப்பு. குங்குமம் இல்லை, அதைவிடக் கொஞ்சம் ஆரஞ்சு, சுற்றிக் கறுப்பு. அந்தக் கிழிந்த இறக்கையோடு நன்றாகத்தான் பறந்தது. எனக்குக் கை நடுங்கியது என்றேன். அதை அப்போது நான் கவனிக்கவில்லை, அவளிடம் சொல்லும்போதுதான் ஞாபகம் வந்தது.

குக்கர் மூன்று விசில் வந்தது. எழுந்து அணைக்க வேண்டும். அவளும் எழவில்லை, நானும் எழவில்லை. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். சாதம் குழைந்துவிட்டது. அன்றைக்கு எல்லோரும் அதைத்தான் சாப்பிட்டோம்.

நாகவல்லி